நான்கு அரசர்களா, ஒரே ஆண்டா?

ருமேனிய அரச நினைவுப் பதக்கங்களைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதலாம் கரோல், பெர்டினாண்ட், இரண்டாம் கரோல், மிகாய் என ஆளுக்கு ஒன்றிரண்டு வாங்குவது. 1866 முதல் 1947 வரையிலான கதை கைக்குள் வந்துவிடும். 1922இல் ஆல்பா யூலியா நகரில் நடந்த பெர்டினாண்டின் முடிசூட்டு விழாப் பதக்கம் ஒன்று இருந்தாலே தொகுப்புக்கு அழகு. ஆனால் இந்த வழியில் கண் பழகாது.

இன்னொன்று, 1906ஐ மட்டும் பிடித்துக்கொள்வது. முதலாம் கரோல் ஆட்சிக்கு வந்து 40 ஆண்டு, நாடு முடியரசாகி 25 ஆண்டு, அப்புறம் புக்கரெஸ்டில் பெரிய பொருட்காட்சி. அதனால் அந்த ஒரு வருடத்திலேயே ஏகப்பட்ட பதக்கங்கள் வந்தன. என் ஓட்டு இதற்குத்தான். ஒரே மாதிரி தெரியும் இரண்டை லென்ஸுக்கு அடியில் அக்கம்பக்கமாக வையுங்கள். அரசரின் தலை உருவம் கழுத்தோடு முடியும் இடத்துக்குக் கீழே செதுக்கியவர் பெயர் இருக்கிறதா, தாடிச் சுருள் எந்த எழுத்துக்கு நேராக முடிகிறது, தொங்கவிடும் வளையம் பதக்கத்தின் உடலோடு சேர்ந்ததா, பிறகு பற்றவைத்ததா என்று பாருங்கள். மெல்லிய மேடான கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் பதக்கத்தை அடித்த அச்சில் விழுந்த விரிசல். கீறலாக இருந்தால் பள்ளமாக இருக்கும். வார்ப்பு நகல் அசலைவிடக் கொஞ்சம் சிறுத்திருக்கும், பரப்பில் ஊசித் துளைகளும் இருக்கும்.

நாடாவை மட்டும் நம்பி வகை பிரிக்காதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

முதல் வழியில் போகிறவர்களுக்கும் ஒரு கைப்பிடி உண்டு: முதலாம் கரோல் பெயரோடு ‘டோம்ன்’ (ஆளும் இளவரசர்) என்றிருந்தால் அது 1881க்கு முந்தைய பட்டம், ‘ரெஜெ’ (அரசர்) என்றால் அரசரான பிறகு.