நீல முனையைப் பார்த்து யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்காதீர்கள்: புதுச்சேரி, கடலூர் மக்கள் கவனத்துக்கு

லேன் போர்ட் (நெட் ஒயர் செருகும் துளை) இல்லாத லேப்டாப்பில், யூஎஸ்பி துளையில் செருகும் லேன் அடாப்டர் வாங்கி ஒயர் இன்டர்நெட் போட நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில், "யூஎஸ்பி 3.0, ஜிகாபிட்" (1000 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் வேகம்) என்று அச்சடித்த அடாப்டர் ஒன்றை 850 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது மிகப் பழைய, மெதுவான யூஎஸ்பி 1.1 சிப். வீட்டுக்கு வருவது 150 எம்பிபிஎஸ் ஃபைபர், லேப்டாப்புக்குக் கிடைத்தது 8 கூட இல்லை. திருப்பிக் கொண்டுபோனால், "உங்க லைன்லதான் சார் பிரச்சனை, கேபிள்காரரைக் கூப்பிடுங்க" என்று பதில். லைனில் ஒரு குறையும் கிடையாது. அதே ஒயரை லேன் போர்ட் உள்ள வேறு கம்ப்யூட்டரில் செருகியதும் முழு வேகமும் வந்தது.

இதில் ஏமாறுவது சுலபம். ஏனென்றால் விண்டோஸில் லிங்க் ஸ்பீடு (ஒயர் இணைப்பின் வேகம்) 100 என்று காட்டும், பச்சை விளக்கு எரியும், கடைக்காரர் ஒரு வெப்சைட்டைத் திறந்தும் காட்டிவிடுவார். அந்த 100 என்பது மோடத்துக்கும் அடாப்டருக்கும் இடையிலான வேகம் மட்டும். அடாப்டரிலிருந்து லேப்டாப்புக்குள் போகும் யூஎஸ்பி 1.1 வழியின் உச்சமே 12 எம்பிபிஎஸ். தரவை அனுப்பும் ஏற்பாட்டுக்கே செலவாகும் பங்கு போக 7, 8 நிற்கும். இது தெரியாமல் இன்டர்நெட் கம்பெனியோடு சண்டை போடுகிறவர்களும், பிளானை ஏற்றிக் கூடுதல் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. எவ்வளவு ஏற்றினாலும் அந்த 8 தாண்டாது.

அடாப்டரின் யூஎஸ்பி முனை நீலமாக இருந்தால் 3.0 என்று நினைப்பது வழக்கம், நிறத்தை நம்பாமல் முனையின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அசல் யூஎஸ்பி 3.0 முனையில் முன்னால் நான்கு தட்டையான தகடுகள், அவற்றுக்குப் பின்னால் உள்ளே தள்ளி ஐந்து சிறிய ஊசிகள், ஆக ஒன்பது இருக்கும். இந்த அடாப்டரில் பிளாஸ்டிக் மட்டும் நல்ல நீலம், தகடு நான்கே நான்கு. பின்னால் வெறும் பிளாஸ்டிக் சுவர். ஐந்து ஊசி இல்லாத முனையில் 3.0 வேகம் வர வழியே இல்லை.

ஊசியையும் போலியாக வைத்துவிட முடியும் என்பதால், காசு கொடுப்பதற்கு முன் லேப்டாப்பிலேயே செருகிச் சரிபார்ப்பதுதான் உறுதி. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, புதிதாக வந்த பெயரில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், கீழே இறங்கும் பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ். வரியில் பிஐடி (PID, பொருளின் அடையாள எண்) என்பதற்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 9700 என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் இந்த 1.1 சரக்கு. 8152 என்றால் யூஎஸ்பி 2.0-இல் ஓடும் 100 எம்பிபிஎஸ் சிப். 100 வரையிலான பிளானுக்குப் போதும், ஜிகாபிட் விலை கொடுக்கக் கூடாது. 8153 ரியல்டெக்கின் ஜிகாபிட் சிப், 8156 அதன் 2.5 ஜிகாபிட். கடையில் உள்ள ரூட்டரே 100 போர்ட்டாக இருந்தால் நல்ல சிப்பும் 100 என்றுதான் காட்டும், ஆகவே லிங்க் ஸ்பீடைவிட இந்த எண்ணை நம்புங்கள்.

சில அடாப்டர்களைச் செருகியதும் ஒரு சிடி டிரைவ் தானாகத் தோன்றும். டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருளை) அதற்குள் வைத்திருப்பார்கள். அதை இயக்காமல் சிப் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை எடுப்பது பத்திரம்.

அடாப்டர் அசலாக இருந்தும் வேகம் வராவிட்டால் வேறு இடங்களைப் பாருங்கள். லேன் கேபிளுக்குள் எட்டு சிறு ஒயர்கள் உண்டு; 100 எம்பிபிஎஸ்-க்கு இரண்டு ஜோடி, அதாவது 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஒயர் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கை மட்டும் ஜாக்கில் (கேபிள் முனையில்) அழுத்திப் பொருத்திவிட்டுப் போகிற ஆட்கள் நம் ஊரில் நிறைய, இதற்கும் முழுக்கூலி வாங்குகிறார்கள். ஜாக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து எட்டு நிறமும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். ஃபைபர் மோடத்திலும் சில மாடல்களில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் ஜிகாபிட் சிப்பிலும் 300-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். வம்பாகீரப்பாளையம், தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றில் ஜாக்கின் தகடு பச்சை பூத்துவிடும். லிங்க் விட்டுவிட்டு வரும். முனையை வெட்டிப் புது ஜாக் போட்டால் தீரும். கேபிள்காரர் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை) பதிந்து, அதற்கு மட்டும் நெட் தரும்படி பூட்டி வைத்திருந்து, அவர் ஒயரை நேரே லேப்டாப்பில் செருகினால், அடாப்டரின் புது முகவரியை அவர் பதிந்தால்தான் நெட் வரும். இதை "கோளாறு" என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் இல்லை. கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரியில் வாங்கியவர்களும் தாங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், அலைய வேண்டாம்.

வாங்கும்போதே பில்லில் "யூஎஸ்பி 3.0 ஜிகாபிட்" என்று எழுதி வாங்குங்கள். வெறும் "லேன் அடாப்டர்" என்று இருந்தால் பிறகு வாதாடுவது கஷ்டம். பிஐடி எண் தெரியும் திரையையும் முனையின் உட்புறத்தையும் படம் எடுத்து வையுங்கள், அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மேலே சொன்ன அடாப்டரின் பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. உங்கள் பெட்டியிலும் இல்லையென்றால் புகாரில் அதையும் தனியாக எழுதுங்கள்.