புரதத்துக்கு வீடு கட்டும் மின்முனை: எந்த ஆக்சைடு, எந்தத் துளை?

ஒரு புரதம் மின்முனையிலிருந்து எலக்ட்ரானை வாங்குவதை நிறமாற்றமாகப் பார்க்கவும் வேண்டும், மின்னோட்டமாக அளக்கவும் வேண்டும். மின்முனை தடித்த கரிப் படலமாக இருந்தால் ஒளியை விழுங்கிவிடும். அதனால்தான் ஒளிபுகும் ஆக்சைடுகளைத் தேடிப் போகிறோம்.

துளை எதற்கு? செல்லுக்குள் எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் சைட்டோகுரோம் சி புரதம் வழவழப்பான பரப்பில் ஓரடுக்காகச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 பிகோமோல் (ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோமோல்) ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான் வாங்கியதும் 550 நானோமீட்டர் அலைநீளத்தில் எழும் ஒளி உறிஞ்சல் முகட்டின் உயரம் ஏறக்குறைய 0.0004தான், இரைச்சலில் தொலைந்துவிடும். துளைகளால் உள்பரப்பு நூறு மடங்கானால் அதுவே 0.04. தெளிவாகத் தெரியும்.

சரி, எந்தப் பொருள்? டைட்டானியம் டை ஆக்சைடில் துளைப் படலம் செய்வது சுலபம். ஆனால் அது குறைகடத்தி. எதிர் மின்னழுத்தத்தில் புரதத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கும். திரும்ப வாங்க மறுக்கும். ஒருவழிப் பாதை.

இண்டியம் வெள்ளீய ஆக்சைடு இருவழியிலும் தாராளமாகக் கடத்தும். என் முதல் தேர்வு இதுதான். பலவீனங்களும் உண்டு: அமிலம் அரிக்கும், மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் அதிகம் போனால் ஆக்சைடே உலோகமாக மாறிப் படலம் கருக்கும். இண்டியமும் அரிது, பெரும்பாலும் துத்தநாகச் சுத்திகரிப்பின் உபவிளைபொருளாகவே கிடைக்கிறது.

ஆண்டிமனி கலந்த வெள்ளீய ஆக்சைடில் இண்டியமே இல்லை, அமிலத்தையும் நன்றாகத் தாங்கும். கடத்துதிறன் குறைவு, லேசான நீலச்சாயல் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் தின்னும். ஃப்ளூரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு அடிக்கண்ணாடியின் பூச்சாக இருக்கட்டும், சூளை வெப்பத்தை நன்றாகத் தாங்கும்.

ஆனால் பொருளைவிடத் துளையில்தான் பலர் சறுக்குகிறார்கள். நைட்ரஜன் வாயுவை வைத்து அளந்த பரப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. நைட்ரஜன் நுழையும் சந்தில் புரதம் நுழையாது. 3 நானோமீட்டர் சைட்டோகுரோமுக்கு அதைப்போல் சில மடங்கு அகலத் துளை போதும். ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்கும் புரதத் தொகுப்பான ஒளித்தொகுதி 2 இரட்டையாக நிற்கும்; அது சுமார் 20 நானோமீட்டர் நீளம், அதே துளையின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பாலிஸ்டைரீன் உருண்டைகளை அடுக்கி, இடைவெளியில் ஆக்சைடு நானோதுகள்களை நிரப்பி, சூளையில் உருண்டைகளை எரித்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கான நானோமீட்டர் அகலத்தில் ஒன்றோடொன்று திறக்கும் அறைகள் மிஞ்சும். மொத்தப் பரப்பு குறையும், புரதம் தொடும் பரப்பு கூடும். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவான சயனோபாக்டீரியா உயிரோடு குடியேற வேண்டுமென்றால் அறை 10 மைக்ரோமீட்டர் அளவுக்காவது இருக்கட்டும்; அந்தச் செல்லே சுமார் 2 மைக்ரோமீட்டர்.