214 பிரீசெட்டில் மிஞ்சியது ஒன்பது

முதல் முறை எல்லாம் சரியாக சிங்க் ஆன அன்று, போனில் 214 பிரீசெட் (ஒரே தட்டில் படத்துக்குப் போடச் சேமித்து வைத்த திருத்தங்கள்) வந்து இறங்கின. இன்று அதில் மிச்சம் ஒன்பது. நடுவில் ஆறு வருடம் ஓடியிருக்கிறது.

நான் வேலை செய்வது அடோபியின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில். 2017 அக்டோபரில் அடோபி லைட்ரூமை இரண்டாகப் பிரித்தது. படங்களை நம் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளும் பழையது கிளாசிக் ஆனது. கிளவுடை நம்பி நிற்கும் புதியது வெறும் லைட்ரூம். போனில் இருப்பது இந்த இரண்டாவதன் தம்பி. இந்த உறவுமுறை புரியாமல்தான் முதல் சில மாதம் வீணாகப் போனது. கிளாசிக்கில் ஒரு கலெக்‌ஷனுக்கு சிங்க் போட்டேன். படம் போனுக்கு வந்தது, அதன் மேல் செய்த திருத்தமும் வந்தது, பிரீசெட் மட்டும் வரவில்லை. நெட் மோசம் என்று நினைத்து ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். வராது என்பதுதான் விஷயம். கிளாசிக் கிளவுடுக்கு அனுப்புவது ஸ்மார்ட் பிரிவியூ என்ற 2560 பிக்சல் அளவு சிறு நகலும் அதன் திருத்தங்களும்தான், பிரீசெட்டை அனுப்புவதில்லை.

வழி சுற்றுவழிதான், ஆனால் கஷ்டமில்லை. அதே கணினியில் கிளவுட் லைட்ரூமையும் போட்டு, அதே கணக்கில் உள்ளே போக வேண்டும். முதல் முறை திறக்கும்போது கிளாசிக்கின் பிரீசெட்களைத் தானாக எடுத்துக்கொள்ளும், கிளவுடில் ஏற்றும், கொஞ்ச நேரத்தில் போனில் தெரியும். கிளாசிக்கின் பிரிஃபரன்ஸில் பிரீசெட்டைக் கேட்டலாக்கோடு (படங்களின் பட்டியலும் திருத்தமும் இருக்கும் கோப்பு) சேர்த்து வைக்கச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. அது போட்டிருந்தால் இது நடக்காது, எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிளாசிக்கில் புதிதாகச் செய்பவற்றை ஃபைல் மெனுவில் இம்போர்ட் கொடுத்து நாமே கொண்டுவர வேண்டும். மாதக் கடைசியில் பத்து நிமிட வேலை, பழகிவிட்டது.

வந்து சேர்வது வேறு, வேலை செய்வது வேறு. கேமராவில் எடுத்த ரா கோப்பில் (சென்சார் பதிந்தபடியே இருக்கும், பதப்படுத்தாத படம்) முகம் இளஞ்சூடாக அழகாக வரும் என் பிரீசெட், போனில் எடுத்த ஜேபெக்கில் போட்டால் செத்த முகம்போல இருந்தது. சில பிரீசெட்கள் மங்கிப்போய் நின்றன, தட்டினால் அசையவில்லை. ஏன் என்று தேடப் போய் ஒருநாள் பிரீசெட் இருக்கும் எக்ஸ்எம்பி கோப்பை நோட்பேடில் திறந்தேன். 2018 ஏப்ரலில் இருந்து லைட்ரூம் பிரீசெட்கள் இந்த வடிவத்துக்கு மாறிவிட்டன. உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். எக்ஸ்போஷர் 2012 என்று ஒரு வரி, எதிரே +0.35. (அந்த 2012, லைட்ரூம் 4 வெளிவந்த வருடம். ஸ்லைடர்களின் அடிப்படைக் கணக்கு அப்போது மாறியது, பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) இரண்டு வரி தள்ளி டெம்பரேச்சர் 5650. அதற்குக் கீழே என் கேமரா கம்பெனியின் போர்ட்ரெய்ட் புரொஃபைல், அதாவது நிறத்தை எப்படிக் காட்டுவது என்ற அடிப்படை அமைப்பு.

விடை அங்கேயே இருந்தது. ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறச்சூடு, கெல்வின் கணக்கு. ஜேபெக்கில் மைனஸ் 100-லிருந்து பிளஸ் 100 வரை, ஏற்கெனவே நிறம் வெந்துபோன படத்தை அங்கே இங்கே தள்ளும் கணக்கு. அங்கே 5650-க்குப் பொருளே இல்லை. கேமராவுக்கென்று இருக்கும் புரொஃபைல் போன் படத்துக்கு எங்கிருந்து வரும்? அன்றைக்கே எல்லாப் பிரீசெட்டையும் மறுபடி செய்ய உட்கார்ந்தேன். பிரீசெட் உருவாக்கும் பெட்டியில் ஒயிட் பேலன்ஸ், புரொஃபைல், லென்ஸ் திருத்தம் மூன்றுக்கும் டிக் எடுத்தாயிற்று. எக்ஸ்போஷரையும் விட்டுவிட்டேன், அது படத்துக்குப் படம் மாறுவது. மிச்சம் வெளிச்ச-நிழல் வளைவான டோன் கர்வ், கலர் மிக்ஸர், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் சாயம் ஏற்றும் கலர் கிரேடிங், பொடிமணல்போன்ற கிரெய்ன். இவை எந்தப் படத்தின் மேலும் உட்காரும். இப்போதெல்லாம் முதலில் கையால் வெளிச்சத்தையும் நிறச்சூட்டையும் சரிசெய்துவிட்டுத்தான் பிரீசெட்டைத் தொடுகிறேன். ஒரே தட்டில் படம் முடிந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் போனிலும் கணினியிலும் ஒரே மாதிரி வருவதுதான் முக்கியம். போனிலேயே ராவில் எடுக்க வேண்டுமானால் லைட்ரூம் செயலிக்குள் இருக்கும் கேமராவில் டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) எடுக்கலாம், அப்போது கெல்வின் கணக்கே வரும்.

எதிர்த்திசையிலும் ஒரு தடை உண்டு. போனில் செய்த பிரீசெட் டேப்லெட்டுக்குப் போகும், கணினியின் கிளவுட் லைட்ரூமுக்கும் போகும். கிளாசிக் வாசலோடு நின்றுவிடும். கிளவுட் லைட்ரூமில் அந்தப் பிரீசெட்டை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, கிளாசிக்கில் இம்போர்ட் செய்வேன்.

இப்படிப் போனில் செய்ததில் ஒன்று நன்றாக மாட்டிவிட்டது. ராத்திரி படுக்கையில் கிடந்தபடி ஒரு படத்தைத் திருத்தி, நிறம் பிரமாதம் என்று 'மாலை' எனப் பெயரிட்டுச் சேமித்தேன். காலையில் மானிட்டரில் பார்த்தால் படம் முழுக்க நீலம். கண் கூசாமல் இருக்கப் போன் திரை தானாக மஞ்சளுக்கு மாறும் வசதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மஞ்சளை அடக்க நான் கலர் கிரேடிங்கை நீலத்துக்குத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். சிங்க் அந்த நீலத்தை ஒரு குறையும் இல்லாமல் மூன்று கருவிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று. 214 பிரீசெட்டை விரலால் தள்ளித் தள்ளி அலுத்துப்போய், போனில் மட்டும் இடம் சுத்தம் செய்வதாக நினைத்து, தொகுப்பு தொகுப்பாக அழித்தேன். சிங்க் என்றால் அழிப்பதும் சிங்க் ஆகும் என்பது தலையில் உறைக்கவில்லை. டேப்லெட்டில் இல்லை, கிளவுட் லைட்ரூமில் இல்லை. மறைத்தால் போதுமாக இருந்தது. அதற்கு 'மேனேஜ் பிரீசெட்ஸ்' என்று தனி இடமே இருக்கிறது. அன்று காப்பாற்றியது கிளாசிக். யாரோடும் ஒட்டாமல் இருந்ததால் எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தன. அதுவரை அதைத் திட்டிக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

அடோபி சந்தா இல்லாத நண்பர்கள் பிரீசெட் கேட்டால் டிஎன்ஜி வழிதான். பிரீசெட் போட்ட ஒரு படத்தை டிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்து அனுப்புவேன். அவர்கள் இலவசச் செயலியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டித் தங்கள் பெயரில் பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளலாம். அரட்டைச் செயலியில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது ஜேபெக்காகச் சுருங்கி உள்ளிருக்கும் எண்கள் போய்விடும். டார்க்டேபிள் என்ற வேறொரு மென்பொருள் பக்கம் போகலாமா என்றும் யோசித்தேன். இலவசம், ஸ்டைல்களை (அங்கே பிரீசெட்டுக்குப் பெயர் அதுதான்) கோப்பாக எடுத்து இன்னொரு கணினிக்குக் கொண்டு போகலாம். போனுக்குச் செயலி கிடையாது, அதோடு விட்டேன்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். மூலப்பிரதி கிளாசிக்கில். போனில் செய்தது ஒரு வாரம் மானிட்டரில் தாக்குப்பிடித்தால்தான் உள்ளே சேரும். பட்டியலில் மேலே நிற்பதற்காகப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண். பெயரும் ஒரே சொல்தான், நீண்ட பெயரைப் போன் திரை பாதியில் வெட்டிவிடுகிறது. பிரீசெட்கள் இருக்கும் கேமராரா செட்டிங்ஸ் ஃபோல்டரை அவ்வப்போது தனி டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன். அந்த 'மாலை'யையும் இன்னும் அழிக்கவில்லை. நீலத்தைப் பாதியாகக் குறைத்தேன், மழை நாள் படங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.