நாட்டுக்கோழி படம் போட்ட நாய்த் தீனி

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் ‘நாட்டுக்கோழி நாய்த் தீனி’யை வாங்கி ஏமாந்தவள் எழுதுகிறேன்.

எங்கள் செவலை, 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கொக்கிரகுளத்தில் நனைந்துபோய்க் கிடந்த குட்டி. அதற்குத் தீனி வாங்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். ஒரு ஜீவனை வளர்க்க, கூண்டில் நெருக்கியடித்து வளர்த்த இன்னொரு ஜீவனா என்று. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தத் தீனி விற்கும் தம்பி வந்தார். “எங்க தோப்புல மேயுத கோழிக்கா. கெமிக்கல் ஒரு துளி கிடையாது” என்றார். கிலோ 450 ரூபாய். பளபளவென்ற கவர், கொண்டையோடு ஒரு கோழிப் படம், அதற்குக் கீழே 14 இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண். அந்த எண்ணைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. தயாரித்த மாதம் இல்லை, என்னென்ன சேர்த்தது என்று இல்லை, புரதம் எவ்வளவு என்று இல்லை. உறுத்தல் தீர்ந்தால் போதும் என்று காசைக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் செவலை காதைச் சொறிய ஆரம்பித்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு. தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். திமிர் என்றுதான் நினைத்தேன்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் முதலில் கேட்டதே, “தீனி கொண்டுவந்திருக்கியளா?” என்றுதான். நல்லவேளை, பையில் ஒரு பிடி இருந்தது. டம்ளரில் வெந்நீர் ஊற்றி அதைப் போட்டார். பத்து நிமிடத்தில் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. மேலே மக்காச்சோள உமி மிதந்தது. கிட்டே முகர்ந்தால் பழைய எண்ணெய்ப் பலகாரத்தின் காறல் வாடை. கோழி சேர்த்ததா இல்லையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் மூட்டையைத் திறந்துபோட்டால் கொழுப்பு இப்படித்தான் காறும் என்றார். ஈரம்பட்ட மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது நாயின் கல்லீரலைத்தான் முதலில் கெடுக்கும் என்றும் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் தப்பித்திருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தம்பியின் இடத்துக்கே போனேன். டவுன் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. தோப்பும் இல்லை, கோழியும் இல்லை. வாய் திறந்த மூட்டைகள் நாலைந்து, ஒரு தராசு, கவர் ஒட்டும் மிஷின். ஒரு பையன் உட்கார்ந்து கோழி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். “எங்கே தம்பி உங்க கோழி?” என்றேன். “எல்லாம் ஒண்ணுதாங்க்கா. நாய் திங்கத்தான போவுது?” என்றார். துளிக்கூடக் கூச்சமில்லை.

உரிம எண் இருக்கிறதே என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘உணவு’ என்பதில் கால்நடைத் தீவனம் சேராதாம். அதாவது நாய்த் தீனிக் கவரில் அந்த எண் இருந்தாலும் நாய்க்கு அதனால் ஒரு காப்பும் இல்லை. பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், எடை, விலை இல்லாததைத் தட்டிக்கேட்பது தொழிலாளர் துறைதான். அங்கே மனு கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாததுதான் இடிக்கிறது. ஜிபே ரசீதும் மீதி ஒன்றரைக் கிலோவும் கையில் இருக்கின்றன.

இப்போது வீட்டுச் சமையல்தான். கோழிக்கடையில் யாரும் கேட்காத ஈரல், அதைச் சுற்றிக் கிடக்கும் துண்டுகள், கழுத்துச் சதை என்று வாங்கி, சோறும் பூசணியும் சேர்த்து உப்பில்லாமல் வேகவைக்கிறேன். செவலைக்காக என்று தனியாக ஒரு கோழி சாக வேண்டியதில்லை. என் உறுத்தலுக்கு இதுவே பரவாயில்லை. ஈரல் மட்டும் கொஞ்சமாகத்தான். வாரம் இரண்டு நாள் சாளை மீன், முள் எடுத்து. வெறும் கறியும் சோறும் போட்டால் சுண்ணாம்புச்சத்து போதாது என்று டாக்டர் கால்சியம் பொடி எழுதிக் கொடுத்தார். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதனால் கிட்டவே கொண்டுபோவதில்லை. மிச்சப் புரோட்டாவில் சால்னா ஊற்றி நாய்க்கு வைக்கிற ஊர் நம்முடையது. அந்தச் சால்னாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தையே கெடுக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

காதுப் புண் ஆறிவிட்டது. நேற்று அந்தத் தம்பியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். அதே மஞ்சள் உருண்டை, அதே கவர். ஸ்டிக்கரில் மட்டும் கோழிக்குப் பதிலாக வான்கோழி, கிலோ 520.