சொட்டுத் தண்ணீர் புகாத பையும் என் வெள்ளைச் சட்டையும்

என்னிடம் இருக்கும் அதே 60 லிட்டர் ட்ரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, 95 வெள்ளியிலிருந்து 59க்கு இறங்கியிருக்கிறது. பிப்ரவரியில் நண்பர்களோடு தாய்லாந்தின் புக்கெட்டில் பாய்மரப் படகு ஏறப்போகும் அலுவலகத் தம்பி விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இதை வாங்கிடலாமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாய்மரப் படகு வாடகைக்கு விடுபவர்கள் சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம் என்று சொல்வது சும்மா இல்லை. நாற்பதடிப் படகின் கேபினில் இரண்டு பேர் படுக்கலாம், ஆளுக்கு ஒரு சின்ன லாக்கர், அவ்வளவுதான். பெட்டி கொண்டுவந்தவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். இந்தப் பையைக் காலி செய்து சுருட்டினால் மெத்தைக்கு அடியில் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் குறையே சொல்ல முடியாது. புக்கெட்டை ஒட்டிய பாங் நா விரிகுடாவில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் டிங்கி (கரைக்குப் போக உதவும் சின்னப் படகு) நேராக மணலில் போய் முட்டிய இடத்தில், சாயங்காலம் முழங்கால் அளவு சேற்றில் நடக்க வேண்டும். நான் போனபோது அங்கே கோ யாவ் நோய் தீவில் அப்படி நடக்கையில் பை கையை விட்டு நழுவிக் கடலில் விழுந்தது. அது பாட்டுக்கு மிதந்தது. எடுத்துத் திறந்தால் பாஸ்போர்ட்டின் ஓரம்கூட நனையவில்லை. முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று மடிப்பு இறுகச் சுருட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டால் போதும்.

இனி வயிற்றெரிச்சல். தண்ணீரை உள்ளே விடாத பை, ஈரத்தை வெளியேயும் விடாது.

பிப்ரவரியில் அங்கே மழை குறைவு என்று தம்பி தைரியமாக இருக்கிறான். சரிதான். ஆனால் படகில் ஈரம் மழையால் வருவதில்லை. கடலில் குளித்த டி ஷர்ட்டைக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினால் மதியத்துக்குள் மொறமொறவென்று விறைத்துவிடும். காய்ந்துவிட்டது என்று நம்பி மடித்து வைப்பீர்கள். பொழுது சாய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும். துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசினால் தீரும். ஆனால் ஒரு கூட்டமே குளித்துச் சமைக்க வேண்டிய தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர். துணி அலசப் போனால் படகோட்டும் ஸ்கிப்பர் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

அந்த ஒரு டி ஷர்ட் பைக்குள் போனால் கதை முடிந்தது. ஜெனரேட்டர் இல்லாத படகில் நங்கூரம் போட்ட பிறகு ஏசி கிடையாது. வெயிலில் கேபின் காய, பை உள்ளுக்குள் புழுங்க, மறுநாள் தொடாத துணிகூட நாறுகிறது. ஐப்பசி மழையில் மூன்று நாளாகக் காயாத பள்ளிச் சீருடையின் வாடை. கடைசி இரவு விருந்துக்கென்று எடுத்துப்போன வெள்ளைச் சட்டையின் காலரில் கடுகு சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள். இன்னும் போகவில்லை.

பை செய்தவர்களைத் திட்டுவது நியாயமில்லை. நீர் புகாது என்றார்கள், புகவில்லை. பக்கவாட்டில் ஒரு வால்வுகூட வைத்திருக்கிறார்கள், ஆனால் அது பையைச் சப்பையாக்க உதவுமே தவிர ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது. இதெல்லாம் புரிகிறது. அந்தக் காலரைப் பார்க்கும்போதுதான் நியாயம் மறந்துபோகிறது.

அப்புறம், வாய் மேலே ஒன்றே ஒன்று. எது வேண்டுமோ அது அடியில்தான் இருக்கும். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று குழுவில் எல்லோரும் ஒரே மஞ்சளில் வாங்கினோம். கரையில் இறங்கி ஒருவர் இன்னொருவரின் உள்ளாடைகளைக் கடைபரப்பிய பிறகுதான் ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன் கட்டினோம்.

சன்ஸ்க்ரீன் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் போன்ற பவளப்பாறையைக் கெடுக்கும் ரசாயனங்கள் கலந்ததை 2021லிருந்து தடை செய்திருக்கிறார்கள். துத்தநாக ஆக்ஸைடு வகையைக் கொண்டுபோகலாம். முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அந்தக் கையோடு பையைத் தொட்டால் வெள்ளைத் தீற்றல் நிற்கும், என் பையில் நின்றுவிட்டது.

59 வெள்ளிக்கு இதைவிட உறுதியான பை கிடைக்காது. தம்பி, வாங்காதே. பாஸ்போர்ட், போன், மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த செட், இவற்றுக்கு 20 லிட்டரில் சின்ன ட்ரை பேக் போதும். மற்றதைச் சாதாரணத் துணிப்பையில் போடு, ஈரத் துணிக்கு வலைப்பை ஒன்று தனியாக வைத்துக்கொள். கடலில் விழுந்தால் எல்லாம் நனையுமே என்பாய். நனையட்டும். நாளைக்குக் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இன்று அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்து முகர்ந்துவிட்டு எழுதுகிறேன்.

இல்லை, பெரிய பைதான் வேண்டும் என்றால் என்னுடையதை 20 வெள்ளிக்கு எடுத்துக்கொள். கிளிப், வால்வு எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. வாடையைப் பற்றி மேலேயே எழுதிவிட்டேன், பிறகு சண்டைக்கு வரக்கூடாது.