சென்னை நடுவர் பயிற்சி: ஃபேர் கேட்ச் பகுதிக்காகவே போகலாம்

சென்னையில் வார இறுதியில் நடக்கும் இந்த ஒருநாள் அமெரிக்கன் ஃபுட்பால் நடுவர் பயிற்சியில் கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருவது ஃபேர் கேட்ச் பகுதிதான். உதைத்த பந்து இறங்குமுன் கையை அசைத்துச் சைகை காட்டிவிட்டு, எதிரணி இடிக்காமலும் தான் அதன்பின் ஓடாமலும் பிடிப்பதுதான் ஃபேர் கேட்ச். காலையில் மைதானம், மதியம் அறையில் வீடியோ. மைதானத்தில் சொல்லித்தரும் விதம் பிரமாதம். அறைக்குள் போனதும் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது.

முதலில் மைதானம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் உயரே போகும் பந்தைத்தான் துரத்தும். பண்ட் (பந்தைக் கையிலிருந்து விட்டு எதிரணி பக்கம் உதைத்து அனுப்புவது) உதைத்ததும் பந்தை விட்டுவிட்டு ரிசீவரின், அதாவது பிடிக்க நிற்பவரின், கையைப் பார்க்க வைப்பதற்கே இங்கே முதல் அரைமணி நேரம் போகிறது. அது வீண் இல்லை. களத்தின் பின்பகுதியில் நிற்கும் நடுவரான பேக் ஜட்ஜ் ரிசீவருக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் ஒதுங்கி நின்றால்தான் அவர் கையும் பாய்ந்து வரும் எதிரணியும் ஒரே பார்வையில் விழும். இடத்தைக் குறிக்க வீசும் சின்னப் பையான பீன் பேக் உதைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அடுத்து சைகை. பயிற்சியாளர் ரிசீவராக நின்று மாற்றி மாற்றிக் காட்டுகிறார்: தலைக்கு மேல் முழுதாக நீட்டிய ஒரு கையைப் பக்கவாட்டில் பலமுறை அசைப்பது, முழங்கையை மடக்கி அரைகுறையாக ஆட்டுவது, வெயிலுக்காக நெற்றியில் கை வைப்பது. முதலாவது செல்லும், இரண்டாவது செல்லாது. மூன்றாவதில் கை அசையவில்லை என்றால் அது சைகையே இல்லை, ஆட்டம் தொடரும். பத்து மணி வெயிலில் இந்த மூன்றாவதைப் பழகுவதற்குச் சென்னையை விட நல்ல இடம் கிடையாது.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் விசிலில்தான். கை அசைந்ததுமே ஊதிவிடுகிறார்கள். பந்து ரிசீவர் கையில் பட்டு நழுவித் தரையில் விழுந்தால் உதைத்த அணியும் அதை எடுக்கலாம். முன்கூட்டி ஊதிய விசில் அந்த உரிமையைப் பறித்துவிடும். பந்து கைக்குள் அடங்கிய பிறகே ஊத வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். பிடித்த பின் இரண்டு எட்டுக்கு மேல் ஓடினால் 5 யார்டு தண்டனை. பிடிக்க விடாமல் இடித்தால் 15 யார்டு. சைகை காட்டியவர் பந்தைத் தொடாமல் எதிராளியைத் தடுத்தாலும் 15.

இனி அந்தக் குழப்பம். இவர்கள் கற்றுத்தருவது சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஃப்ஏஎஃப்பின் விதி. அது அமெரிக்கக் கல்லூரி விதிப்புத்தகத்தைத் தழுவியது. காட்டும் வீடியோக்களோ அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுடையவை. செல்லாத சைகைக்கு என்எஃப்எல்லில் 5 யார்டு தண்டனை. கல்லூரி விதியில் தண்டனை இல்லை, பிடித்த இடத்திலேயே பந்து நின்றுவிடும். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபில் 25 யார்டு கோட்டுக்குள் ஃபேர் கேட்ச் எடுத்தால் பந்து 25இல் வைக்கப்படும் என்பது 2018இல் வந்த கல்லூரி விதி. என்எஃப்எல்லிலோ 2024 முதல் கிக்ஆஃபில் அந்தச் சைகைக்கே இடமில்லை. கையில் தரும் அச்சுத்தாள் இதையெல்லாம் ஒரே அட்டவணையில் கலந்து வைத்திருக்கிறது. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு மைதானத்தில் இறங்குபவர் தப்பான ஃபிளாக் (தவறைக் குறிக்க நடுவர் வீசும் துணி) வீசுவார்.

டிசம்பர் 19, 2024 என்எஃப்எல் சார்ஜர்ஸ்–பிராங்கோஸ் ஆட்டத்தின் காட்சியையும் போடுகிறார்கள். முதல் பாதி முடிந்த நொடியில் பிடிப்பவரை இடித்ததற்கு 15 யார்டு, அதோடு ஒரு ஃபேர் கேட்ச் கிக், அதாவது எதிரணி பாய்ந்து தடுக்க முடியாமல் கோலை நோக்கி அடிக்கும் உதை. சார்ஜர்ஸின் கேமரன் டிக்கர் 57 யார்டிலிருந்து அடித்து 3 புள்ளி. 1976க்குப் பிறகு அப்படி அடித்த முதல் ஆள் அவர்தான். பார்க்க வேண்டிய காட்சி, சந்தேகமில்லை. ஆனால் 2025 வரையிலான கல்லூரி விதியில் இந்த உதையே கிடையாது என்பதை வகுப்பில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

இன்னொன்று, காலை வகுப்பில் காற்று அடங்கியிருக்கிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் உயரப் போன பந்து நகரும், ரிசீவரும் கூடவே நகர்வார், நடுவர் நிற்கும் கோணம் கெடும். வீடியோவைக் காலையில் போட்டுவிட்டு மைதானத்தை மாலைக்கு மாற்றலாம்.

இடுப்பில் தொங்கும் துணியை உருவி ஆடும் ஐவர் ஃபிளாக் ஃபுட்பாலுக்கு மட்டும் நடுவராகப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது; அதில் உதையே இல்லை. ஆளைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிள் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் உருண்டை இல்லாத விசில் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே தரும் உருண்டை விசில் வியர்வையும் எச்சிலும் சேர்ந்தால் அடைத்துக்கொள்கிறது.