நாகர்கோவிலில் ஒரு நாள் பார்மசிஸ்ட் புத்தாக்கப் பயிற்சி: காலை தேறியது, மாலை தேறவில்லை

பார்மசிஸ்ட் பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுக்குள் குறைந்தது 2 புத்தாக்கப் பயிற்சி வேண்டும் என்கிறது 2015-ன் பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறை. சான்றிதழுக்காகவே வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு நழுவுகிற கூட்டம் இங்கேயும் உண்டு. மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்திலிருந்து வருபவருக்குக் காலை அமர்வு ஒன்றிலேயே பஸ் காசு வசூலாகிவிடும்.

காலையில், மருந்தில்லாத மாதிரி ஸ்பிரே இன்ஹேலரைக் கையில் கொடுத்து ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொல்கிறார்கள். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 விநாடி பிடிக்க வேண்டும். அழுத்திவிட்டு அப்புறம் இழுத்தால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். பவுடர் வகை இன்ஹேலருக்கு இதில் இரண்டு தலைகீழ்: குலுக்கக் கூடாது, வேகமாக ஆழமாக இழுக்க வேண்டும். ரோட்டாகேப்பை, அதாவது கருவியில் போட்டு இழுக்க வேண்டிய பவுடர் கேப்ஸ்யூலை, மாத்திரை என்று விழுங்குகிற நோயாளிகளும் இருக்கிறார்கள். கவுண்டரில் ஒரு தடவை செய்து காட்டினால் அது நின்றுவிடும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

இன்சுலின் பகுதியும் சுருக்கமாக, நன்றாக இருந்தது. 2 முதல் 8 டிகிரி என்பது எல்லோருக்கும் தெரியும். ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்த பெட்டி உறைந்துபோவதுதான் தெரிவதில்லை. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சரியாக இருந்தாலும் விற்கக் கூடாது.

மாலையில் ஆராய்ச்சி அமர்வு: மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிப்பது, டாக்டர்களின் மருந்துச் சீட்டுகளை ஆராய்வது. ஸ்லைடு மேல் ஸ்லைடு. பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணைத் திரையில் காட்டினார்கள். பக்கவிளைவுப் படிவத்தை ஒருவரும் நிரப்பிப் பார்க்கவில்லை. 'உங்கள் எச்1 பதிவேடே ஆய்வுக்குப் போதும்' என்று சொன்னது அதைவிடப் பெரிய குறை. எச்1 என்பது விற்கும்போது தனிப் பதிவேட்டில் எழுத வேண்டிய மருந்துகளின் பட்டியல். அந்தப் பதிவேட்டில் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு இவ்வளவுதான் கட்டாயம். எந்த நோய்க்கு என்பது கிடையாது. செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் அதில் ஏறும். அமாக்சிசிலினும் ஆன்டிபயாட்டிக்தான், ஆனால் எச் என்ற வேறு பட்டியல் மருந்து, ஏறாது. எச்1 மருந்து வாங்காதவர் யாரும் பதிவேட்டிலேயே இல்லை. இதை வைத்து 'நூற்றுக்கு இத்தனை சீட்டில் ஆன்டிபயாட்டிக்' என்று கணக்குப் போட்டால் தொகுதியும் தவறு, பகுதியும் தவறு.

சரியான வழி பழையதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 1993 கையேடு ஒரே இடத்தை ஆராய 100 சீட்டாவது எடுக்கச் சொல்கிறது. வரிசையாக வரும் சீட்டை எடுக்காமல் வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரமாகப் பிரித்து எடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கிளினிக் டாக்டரின் கை மட்டுமே தெரியும். திருவனந்தபுரத்து டாக்டர்கள் எழுதிய சீட்டுகளைத் தனியாகக் குறியுங்கள். நோயாளி பெயருக்குப் பதில் வரிசை எண் போதும். சீட்டுக்கு எத்தனை மருந்து, ஜெனரிக் பெயரில் எத்தனை, ஆன்டிபயாட்டிக் உண்டா, ஊசி உண்டா: இந்த நான்கு கட்டத்தை நிரப்ப வைத்திருந்தாலே மாலை உருப்பட்டிருக்கும்.

போகிறவர்கள் சான்றிதழில் பெயரும் பதிவு எண்ணும் சரியா என்று அங்கேயே பார்த்து, தவறிருந்தால் உடனே திருத்தி வாங்குங்கள்.